அளபெடை

டாண்டினோங் மருத்துவமனை, அவசரப் பிரிவு,
ஒன்பதாம் கட்டில். விடியப்புறம் மூன்றேகால்.
மொழிபெயர்ப்பாளர் என்று என் கழுத்தில் அட்டை.
விதி எளியது:
அவர்கள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
அறையில் சொல்லப்படும் எதையும் விடமாட்டேன்.
கூட்டவும் மாட்டேன்.

கட்டிலில் நிரூபன். இருபத்து நான்கு வயது.
உடம்பில் ஒட்டிய பத்து வட்டங்கள்,
பத்திலிருந்தும் வயர்.
ஜெலி கேட்டான், தின்றான்.
இன்று என்ன கிழமை என்றதற்குச் செவ்வாய் என்றான்,
பிறகு மணிக்கூட்டைப் பார்த்து
'இல்லை, புதன் பிறந்திட்டுது' என்று திருத்தினான்.

தாய் தவமலர் என் முழங்கையைப் பிடித்தாள்.
"கதைக்கிறான், தின்னுறான்.
பிறகேன் பிள்ளை இவ்வளவு வயர்?"

டாக்டர் கோவாச் திரையைத் திருப்பினார்.
ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும்
இதயம் தன்னை மறுபடி மின்னேற்றிக்கொள்கிறது.
குரல்களுக்காகக் கொடுத்த மருந்து
அளவுமீறி உள்ளே போனால் அந்த நேரம் நீளும்.
நீண்டது முடியுமுன் அடுத்தது வந்து விழுந்தால்
கோடு முறுக்கிக்கொள்ளும்.
ஆள் நன்றாகத்தான் இருப்பார், அதுவரை.

சொன்னேன்.
"கயிறு திரிக்கிற மாதிரியோ?"
அந்தக் கயிற்றை டாக்டரிடம் கொண்டுபோனேன்.
அவர் கொஞ்சம் யோசித்தார். ஆம், அப்படித்தான்.

எத்தனை மாத்திரை என்று கேட்டார்.
அவன் சொன்னான், நான் தாய்க்குச் சொன்னேன்.
இங்கே எழுதமாட்டேன்.

அந்தச் சொல் என்னை விடவில்லை.
மாத்திரை.
இலக்கணப் புத்தகத்தில் அது விழுங்கும் பொருளல்ல,
கண் ஒருமுறை இமைக்கும் நேரம்.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
அதற்கும் மேல் இழுத்தால் அளபெடை.
செய்யுளில் ஓசை குறைகிற இடத்தில் இழுப்பார்கள்.
இவனுக்கோ ஓசை கூடிப்போயிருந்தது.

திரையில் ஐந்நூற்று முப்பத்தாறு.
மில்லிசெகண்ட்.
நானூற்றைம்பதுக்குள் இருக்கவேண்டும் என்றாள் நர்ஸ்,
மக்னீசியம் பையைத் தொங்கவிட்டபடி.
கணக்குப் பார்த்தேன்:
ஒரு 'ஆ' சொல்லும் நேரம்கூட இல்லை
இத்தனை பேர் காவல் இருப்பது.

பிறகு அவன் கூரையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னான்:
சாகவென்று போடவில்லை.
ஒரே ஒரு இரவு அவை வாயை மூடட்டும் என்றுதான்.
உடனே என் பக்கம் திரும்பினான்:
இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

விதிப்படி இரண்டையும் சொல்லவேண்டும்.
'சொல்லாதீர்கள்' என்பதையும் சொல்லவேண்டும்.
'நான்' என்றே தொடங்கவேண்டும்.
நான் சாகவென்று
என்று வாய் திறந்தேன்.
இயந்திரம் ஒருமுறை கூவியது. இன்னொருமுறை.
நான் இன்னும் தொடங்கவில்லை.

தவமலர் அவன் காலடியில் போர்வையை இழுத்துவிட்டாள்.
"விடு பிள்ளை," என்றாள் என்னிடம்.
"பதினேழு வருஷமாய் நோபிள் பார்க்கில
வயசுபோன வெள்ளையளைக் குளிப்பாட்டுறன்.
அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும்.
உன்னைக் கேட்டது
கேக்கேக்க பக்கத்தில ஆராவது இருக்கட்டுமெண்டு."

பிறகு அவனிடம், சோறு போடவா என்று கேட்கும் குரலில்:
"அதுகள் எந்தப் பாஷையில கதைக்குது, தம்பி?"

மூன்று வருடமாக ஒருவரும் கேட்டதில்லைப் போலும்.
நெற்றியைச் சுருக்கி, சரியான விடை தேடுபவன்போல்
யோசித்தான்.
"ரெண்டிலயும், அம்மா.
பேசேக்க மட்டும் தமிழ்."

டாக்டர் பேனாவைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.
எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது.
கூட்டாமல் குறைக்காமல்
அதையும் கொண்டுபோனேன்.

ஐந்து நாற்பதுக்கு நர்ஸ் தாளைக் கிழித்து வந்தாள்.
ஐந்நூற்று எட்டு.
குறைகிறது. ஆனால் இன்னும் நீளம்தான்,
இன்றைக்கும் வயரோடுதான் என்றாள்.
தவமலர் தாளை வாங்கி
கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இரண்டு மேட்டிலும் வைத்து
துணி அளப்பதுபோல் அளந்தாள்,
அடுத்ததையும் அளந்தாள்,
அதற்கடுத்ததையும்.